துண்டுக்குள் வந்த கை

ஏரிக்கரை விடுதியில் அறை வாடகையைச் சொன்னதும் தரகர் சிரித்தார். மாட்டுச் சந்தையில் அந்தச் சிரிப்புக்குத் தனி மரியாதை உண்டு. எதிராளி சொன்ன விலையைத் தரையில் போட்டு, அதன்மேல் செருப்புக் காலோடு ஏறி நிற்கிற சிரிப்பு அது.

"சரிம்மா, அது ஊருக்குச் சொல்ற விலை. இப்ப எனக்கு ஒரு விலை சொல்லுங்க" என்றார்.

விடுதிக்காரம்மா கோபப்படவில்லை. மேசைமேல் வைத்த சாவியை எடுத்துப் பழையபடி ஆணியில் மாட்டினாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள். வந்த வழியே போகலாம் என்று அர்த்தம்.

"என்னங்க, சும்மா இருங்க" என்றாள் தரகரின் மனைவி. "பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறேன். இங்கயும் உங்க சந்தைக் கச்சேரியா?"

அவள் தோளில் மகள் சாய்ந்திருந்தாள். ஆறு வயது முடிந்த பிள்ளை. தூக்கினால் நாலு வயதுக்கான கனம்தான் இருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் நெஞ்சுக்குள் ஈரமான மரக்கதவு ஒன்று திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் தரகர் வாயை மூடினார். சொன்ன வாடகைக்கே தலையாட்டியபோது, சட்டையில்லாமல் கடைத்தெருவில் நிற்பது போல இருந்தது அவருக்கு.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சந்தோஷமா வச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பேச்சு மாடு விற்கிறவருக்குப் புரியாமல் இருக்குமா? பல் போன மாட்டை ஓட்டி வருகிறவனிடம் தரகரே எத்தனையோ தடவை அதே குரலில் பேசியிருக்கிறார். வீட்டுக்கு வந்து மூன்று வேளை சாப்பிடாமல் கிடந்தார். மனைவிதான் எங்கோ கேட்டறிந்து வந்து, ஏரிக்கரைக்குப் போகலாம் என்றாள். பழங்காலத்தில் மருந்துக்கு அடங்காத பிள்ளைகளை அங்கேதான் கொண்டுபோவார்களாம். தரகருக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு சந்தையில் கிடைக்காத சரக்கை இன்னொரு சந்தையில் தேடாதவர் தரகரே இல்லை.

அந்த மண்ணைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. குனிந்து ஒரு பிடி எடுத்தால் விரல் இடுக்கில் எண்ணெய் போலக் கசியும் கருப்பு. வேலிக்கு நட்ட காய்ந்த கழிகள்கூடத் தளிர்விட்டு நின்றன. பழ மரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த முட்டுகளிலும் இலை. மாடுகள் மேய்ந்து மேய்ந்து வயிறு தரையைத் தொட நின்றன. எல்லாவற்றுக்கும் நடுவில் ஏரி. காற்றடித்தாலும் அதிகம் அசையாத, கண்ணாடிக்குப் பின்பக்கம் போன்ற ஏரி. அதன் வாசனை ஊர் முழுக்க இருந்தது. வெகுநாள் மூடிவைத்த பெட்டியைத் திறந்ததும் வருமே, அந்த வாசனை.

கரையோரக் குன்றில் கோயில் மேல் கோயிலாக இருந்தது. கீழே பெயர் மறந்துபோன சாமிகளின் இடிபாடு. அந்தக் கல்லை எடுத்து அடுத்து வந்தவர்கள் கட்டியது அதற்கு மேலே. அதையும் உடைத்து இன்றைக்கு இருப்பவர்கள் கட்டிய தொழுகைக் கூடம் உச்சியில். முதலாளிகள் மாறுகிறார்கள், கடை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது என்று தரகர் மனைவியிடம் சொல்லி, ஒரு முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனவர் முகம் வாடித் திரும்பினார். அவ்வளவு பெரிய தெருவில் ஒரு சத்தம் இல்லை. விற்கிறவர் விலை சொன்னார். வாங்குகிறவர் கொடுத்தார், அல்லது பேசாமல் நகர்ந்தார். மீதிச் சில்லறையைக்கூடக் கையில் தருவதில்லை. பலகையில் வைத்துவிட்டுக் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பழக்கடைக்காரர் ஒருவரிடம் தரகர் நட்பாகக் கை நீட்டினார். அந்த ஆள் நீட்டிய கையைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க ஊர்ல யாருக்குமே வியாபாரம் தெரியாதா?" என்று விடுதிக்காரம்மாவிடம் கேட்டார்.

"இங்க பேரம் பேசுறதில்லங்க. சொன்னா வாங்கணும். இல்லன்னா போகணும்."

"அதான் ஏன்?"

"மூக்கு ஏன் மூஞ்சில இருக்குன்னு யாராவது கேப்பாங்களா? இருக்கு, அவ்வளவுதான்."

தரகர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தரகரின் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் கேட்டுவிடுவார்கள். தோளில் கிடக்கும் துண்டை விரித்து, அதற்குள் இரண்டு பேரும் கையை விடுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டைப் பிடித்தால் இரண்டு. மொத்தக் கையையும் பிடித்தால் ஐந்து. ஒரு விரல் என்றால் பத்தா, நூறா, ஆயிரமா? அதை யாரும் கேட்பதில்லை. எதிரே நிற்கிற மாட்டைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் தெரியும். வாய் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். துண்டுக்குள் விரல்கள் சண்டை போடும். முடிவில் உள்ளங்கையோடு உள்ளங்கை அழுந்தினால் பேச்சு முடிந்தது. அதை அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. அழுதாலும் முடியாது. துண்டுக்குள் முதலில் வந்த விலைக்கு ஒத்துக்கொண்டதாக நம் தரகரைப் பற்றி எந்தச் சந்தையிலும் ஒரு கதை கிடையாது.

மறுநாள் மதியம் மழை விட்டதும் மூவரும் குன்றேறினார்கள். மனைவி பிள்ளையோடு உச்சிக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடினால் ஒரு மணி நேரத்துக்குத் திறக்க மாட்டாள். தரகருக்கு அங்கே உட்கார முடியவில்லை. மகளின் நெஞ்சுச் சத்தம் அந்தக் கூடத்தின் சுவரில் பட்டு இரண்டு மடங்காகக் கேட்டது. மெல்ல எழுந்து, பின்பக்கப் படிகளில் இறங்கினார்.

படிகள் இறங்க இறங்க, கல்லின் நிறம் மாறியது. மேலே வெள்ளை. நடுவில் சாம்பல். கடைசியில் கருப்பு. ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி அவர் முழங்காலைத் தொட்டது, பிறகு இடுப்பை. பறவைச் சத்தம் எங்கேயோ மேலேயே நின்றுவிட்டது.

அடியில் ஒரு சிறிய கல்லறை போன்ற அறை. கதவில்லை. உள்ளே சிலையும் இல்லை, விளக்கும் இல்லை. எதிர்ச் சுவரில், நெஞ்சு உயரத்தில், ஒரு துளை மட்டும் இருந்தது. அதன் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது.

கை பட்டுத் தேய்ந்த கல். ஆயிரக்கணக்கான கைகள்.

தரகர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் வராத அழுகை, கேட்க ஆளில்லாத இடத்தில் வந்தது.

"என் பொண்ணுக்கு ஆயுசு வேணும்" என்றார் சுவரைப் பார்த்து.

சொல்லிவிட்டுத் துளைக்குள் கையை விட்டார். விடும்போதே, இருபது வருஷப் பழக்கம், இடது கை தானாகத் தோளிலிருந்த துண்டை இழுத்துத் துளைமேல் போர்த்தியது.

உள்ளே குளிர்ந்தது. முழங்கை வரைக்கும் போயிற்று. இன்னும் போயிற்று.

ஒரு கை அவர் கையைப் பிடித்தது.

தரகர் கத்தவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கை பிடித்த விதம் அவருக்குத் தெரிந்த விதம். அவருடைய ஐந்து விரல்களையும் ஒன்றாகச் சேர்த்து, நிதானமாக மூடியது. நனைந்து ஊறிய, ஆழத்து மீன் போலச் சில்லிட்ட கைதான். ஆனாலும் தொழில் தெரிந்த கை.

அட, என்று நினைத்தார். இந்த ஊமை ஊரிலும் ஒரு வியாபாரி இருக்கிறான். சுவருக்குப் பின்னால் யாரோ பூசாரி உட்கார்ந்து, வருகிறவர்களிடம் காணிக்கை பேசிப் பிழைக்கிறான். பயம் விலகி அவருக்குள் ஒரு சந்தோஷமே வந்தது. இரண்டு நாளாகப் பேரம் பேசாமல் கை அரித்துக்கொண்டிருந்தது.

"அஞ்சா? ஆளைப் பார்த்தா ஏமாளின்னு தெரியுதா?" என்றார் வாய்க்குள். தன் விரல்களை உருவிக்கொண்டு, அந்தக் கையின் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தார்.

ஒன்று.

அந்த விரலில் நகம் இல்லை.

சிறிது நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அந்தக் கை மறுபடி அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்து மூடியது. பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குப் புரியவைப்பது போல.

தரகர் மறுபடி ஒன்று என்றார்.

மறுபடி ஐந்து. இந்த முறை இறுக்கமாக.

அவர் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். சரக்கே வேண்டாம் என்பது போலக் கையைப் பாதி வெளியே இழுத்தார். சந்தையில் இதற்கு மசியாதவன் கிடையாது. துளைக்குள் எங்கோ தண்ணீர் ஒருமுறை தளும்பியது. அந்தக் கை பின்னாலேயே வந்தது. அவருடைய சுண்டு விரலை விட்டது. கொஞ்சம் பொறுத்து, அடுத்த விரலை விட்டது. அதற்கடுத்து, கட்டை விரலை.

இரண்டு.

அங்கே அது நின்றது. விட மனமில்லாமல் நிற்பது போலத் தோன்றியது. அதன் கட்டை விரல் தரகரின் விரல் முட்டியை ஒருதரம், மெதுவாகத் தடவியது. நிஜமாகவா என்று கேட்கிற தடவல்.

தரகர் உள்ளங்கையை அழுத்தி முடித்தார்.

அந்தக் கை போய்விட்டது.

துண்டை எடுத்து உதறினார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆளை நேரில் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம், காணிக்கையை எங்கே வைப்பது என்றும் கேட்க வேண்டுமே என்று அறையைச் சுற்றிப் பின்பக்கம் போனார்.

பின்பக்கம் இல்லை.

சுவர் நேராக ஏரிக்குள் இறங்கியது. ஆள் நிற்க ஒரு விரற்கடை இடம் கிடையாது. கருப்புத் தண்ணீர் சுவரை நக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் துளையும் இல்லை.

அப்போதுதான் மேலே படிகளில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. தடதடவென்று, பாவாடை கல்லில் உரச, மூச்சு வாங்காமல்.

"அப்பா! எங்கப்பா போனீங்க?"

மகள் வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவு படியையும் ஓடி இறங்கியிருக்கிறாள். தரகர் குனிந்து அவள் நெஞ்சில் காதை வைத்தார். கதவுச் சத்தம் இல்லை. ஒழுங்கான, காய்ந்த, சின்ன மூச்சு. பின்னாலேயே மனைவி வந்தாள். அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொன்னாள். ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டியும் இருக்கவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் பிள்ளை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு அம்மா மடியிலேயே தூங்கிவிட, அவளை அறைக்குத் தூக்கிப் போனாள் மனைவி. விடுதிக்காரம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"கீழ அறைக்குப் போனீங்களா?"

"போனேன்."

"நல்லது. என்னையும் எங்கம்மா சின்ன வயசுல அங்கதான் கொண்டுபோனாங்க. ஜுரத்துல மூணு நாளா கண்ணு திறக்கலையாம்." அவள் நிறுத்தினாள். "எத்தனை கிடைச்சுதுன்னு அம்மா சொல்லல. நானும் கேக்கல. நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

தரகருக்குப் பெருமை அடங்கவில்லை. அந்தச் சுவருக்கு ஏன் பின்பக்கம் இல்லை என்ற நினைப்பைக்கூட அது மிதித்துக்கொண்டு முன்னால் வந்தது.

"கிடைக்கிறதாவது. யாரோ எவரோ, நல்ல கெட்டிக்காரப் பார்ட்டிம்மா. அஞ்சு கேட்டான். விடுவேனா? பேசிப் பேசி ரெண்டுல முடிச்சிட்டேன்."

தட்டுகள் அடுக்குகிற சத்தம் நின்றது.

"கேட்டானா?" என்றாள் விடுதிக்காரம்மா.

"ஆமா. அஞ்சு விரலையும் பிடிச்சான். நான் ஒண்ணுன்னேன்..."

"அங்க யாரும் எதுவும் கேக்கிறதில்லங்க." அவள் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "காணிக்கையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நாமதான் கேப்போம். அது குடுக்கும். அவ்வளவுதான்."

தரகர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அஞ்சு குடுத்திருக்கு" என்றாள் அவள். "உங்க பிள்ளைக்கு."

அவள் கைகள் மெல்ல முதுகுக்குப் பின்னால் போயின. தரகர் தன் வலது கையை மேசைமேல் வைத்து, அது யாருடையதோ என்பது போலப் பார்த்தார். சுண்டு விரல். மோதிர விரல். கட்டை விரல். விட மனமில்லாமல் ஒவ்வொன்றாக விட்டது ஞாபகம் வந்தது.

"ஒரு விரலுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

விடிந்தும் விடியாமலும் அவர் படிகளில் இறங்கினார். ஓடினார் என்பதுதான் சரி. துண்டைத் துளைமேல் போட்டார். கையை விட்டார். மணிக்கட்டு வரைக்கும்தான் போயிற்று. விரல் நுனி கல்லில் முட்டியது. கரடுமுரடான, காய்ந்த, சாதாரணக் கல்.

"அஞ்சுக்கே ஒத்துக்கிறேன்" என்றார்.

வாழ்நாளில் சொல்லாத வார்த்தை.

"முதல்ல சொன்னதுக்கே ஒத்துக்கிறேன். எனக்குத் தெரியாமப் போச்சு. நான் மாட்டுக்காரன். பிடிச்சா குறைக்கத்தான் தெரியும்." கல்லை நகத்தால் கீறினார். "மீதி மூணை என்கிட்டயிருந்து எடுத்துக் குடு. என் கணக்குல எடு. கேக்குதா?"

தண்ணீர் சுவரை நக்கிற்று.

உள்ளங்கை அழுந்திவிட்டால் பேச்சு முடிந்தது என்பது உலகத்தில் மற்ற எவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனை பேரை அழ வைத்து அதைச் சொல்லியிருக்கிறார். கையை வெளியே எடுத்தார். கை காய்ந்திருந்தது. துண்டு மட்டும் நனைந்திருந்தது.

ஊர் திரும்பினார்கள். மனைவியிடம் அவர் சொல்லவில்லை. அவள் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுவதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது. அதில் எப்படி மண்ணைப் போடுவது?

பிள்ளை வளர்ந்தாள். கன்னம் உப்பியது. பல் விழுந்து முளைத்தது. மாமா வீட்டுப் பையன்களை அடித்துவிட்டு வந்து, அவர்கள்தான் அடித்ததாக அழுதாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் புதுப் படத்தையும் பழைய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, படம் மாறிவிட்டதென்று ஆட்களைத் திட்டினார்.

தரகர் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடம் முட்டி வலி என்றார். கடையில் சொன்ன விலைக்குப் பொருள் வாங்கிவந்தார். "இந்த மனுஷனுக்கு யாரோ மருந்து வச்சிட்டாங்க" என்று மனைவி சிரித்தாள். கைகளைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழகினார். அந்தத் துண்டை மனைவி எத்தனை முறை துவைத்துக் காயப் போட்டாலும், எடுக்கும்போது ஈரம்தான். கடைசியில் தூக்கி எறிந்தாள். இரண்டு நாளில் அது கொடியில் இருந்தது. அவள் எடுத்துப் போட்டிருப்பாள் என்று அவரும், அவர்தான் எடுத்துப் போட்டார் என்று அவளும் நினைத்துக்கொண்டார்கள்.

எல்லா நேரமும் அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நிற்கிற மாட்டைப் பார்த்தால் ஒரு விரலுக்கு எவ்வளவு என்று தெரியும். இத்தனை வருஷத் தொழிலில் தெரியாமல் போனதில்லை. விரலுக்கு இருபது வருஷம் என்றால் அவள் பிள்ளை பெற்று, அதற்குக் கல்யாணமும் பண்ணிப் பார்த்துவிடுவாள். பத்து என்றால்கூட, சரி, படிப்பாவது முடிந்துவிடும். பத்துக்குக் குறைவாக அவர் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைப்பு அங்கே போனால் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார்.

தினமும் காலையில் அவர்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். அந்த நேரத்துக்கு மட்டும் வலது கையைப் பையிலிருந்து எடுப்பார். அவள் கை சின்னது. அவருடைய முழுக்கையையும் பிடிக்க வராது. ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பாள். எப்போதும் அந்த இரண்டு விரல்தான். வேறு மாதிரி பிடித்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தார். இதுதான் வசதி என்றுவிட்டாள்.

மறுபடி அதே மழைக்காலம் வந்தது. ஏரிக்கரைக்குப் போனது போன வருஷம் இதே மழையில்தான். அன்று காலை தூறல் விட்டு, தெருவில் மூடுபனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. மகள் முந்தைய நாள் பள்ளியில் நடந்த சண்டை ஒன்றை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தரகர் கேட்டுக்கொண்டே, குட்டையில் கால் வைக்காமல் பார்த்து நடந்தார். திருப்பத்தில்தான் கவனித்தார். அவள் ஒரு விரலை மட்டும் பிடித்திருந்தாள்.

கை சில்லென்று இருந்தது. மழையில் நனைந்திருக்கும்.

"குட்டி, ஏன்டா ஒரே விரலைப் பிடிச்சிருக்க? நல்லாப் பிடிச்சுக்க."

"நான் எங்கப்பா பிடிச்சிருக்கேன்?"

குரல் முன்னாலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவள் நாலைந்து அடி முன்னால் நின்று, திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளாலும் புத்தகப் பையின் வாரைப் பிடித்திருந்தாள்.

தரகர் தன் கையைக் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. போன வருஷம் இரண்டு, இப்போது ஒன்று.

ஆள்காட்டி விரலைச் சுற்றியிருந்த பிடி இறுகியது. பிறகு, நகமில்லாத கட்டை விரல் ஒன்று அவர் விரல் முட்டியை ஒருதரம், மெதுவாகத் தடவியது.